மண்ணெண்ணெய்ப் பட்டதாரிகள்

2022 ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதற்கு முந்தின மாதம்தான் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை தந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து, சிக்கனமாகப் பாவியுங்கள் என்று கொழும்பு புத்தி சொன்னது. யாருக்கு? யாழ்ப்பாணத்துப் புத்தூருக்கு! கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்துவிட்டார்கள்.

நாங்கள் அந்தப் படிப்பை 1990இலேயே முடித்தவர்கள். போர்க்காலத்தில் அரசு யாழ்ப்பாணத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் மருந்துப் போத்தலில்தான் வந்தது. காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. அமுக்கம் கூடின புது எஞ்சின்கள் அதைக் குடித்தால் டக்கு டக்கென்று தட்டும். பழைய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும்தான் வெள்ளைப் புகை கக்கியபடி பொறுத்துப் போயின. எரியாத எண்ணெய் பிஸ்ரன் ஓரத்தால் இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், றிங் தேயும். தேயட்டும், ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது?

எண்ணெயை மிச்சம் பிடிப்பது பெரிய வித்தைதான். 1944இல் புகழ்பெற்ற அமெரிக்க விமானி சாள்ஸ் லிண்ட்பேர்க், எஞ்சின் சுற்றைக் குறைத்து ஓட்டினால் அதே பெற்றோலில் இன்னும் எவ்வளவோ தூரம் பறக்கலாம் என்று அமெரிக்கப் போர் விமானிகளுக்குக் காட்டினார். உலகமே மெச்சியது. மண்ணெண்ணெயில் வண்டி ஓட வைத்த எங்கள் கராஜ்காரருக்குக் கிடைத்தது சோதனைச்சாவடி.

அந்தப் போரில் எங்கள் தலைக்கு மேல் குண்டு கொண்டுவந்த அரசின் ஜெற்றுகள் குடித்ததும் மண்ணெண்ணெய் இனம்தான். மேலே எரிந்தால் தேசப் பாதுகாப்பு. கீழே வெங்காயத்துக்கு இறைக்கிற மெசினுக்குள் ஊற்றினால் தடைசெய்யப்பட்ட பொருள்.

புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்பார்கள். புத்தூர்த் தோட்டக்காரனுக்குத் தண்ணீர் கிடைக்காமல் இல்லை. அதை மேலே ஏற்றத்தான் 2022இல் லீற்றருக்கு 340 ரூபா கேட்டார்கள். எரிக்கிற எண்ணெயில் ஏறக்குறையக் காற்பங்குதான் இந்தச் சின்ன எஞ்சின்களில் வேலையாகும், மிச்சம் சூடும் புகையும். அந்தக் காற்பங்கைக் கொஞ்சம் கூட்ட ஜப்பான்காரன் ஆய்வுகூடத்தில் மண்டையை உடைக்கிறான். கொழும்பின் மூளை அதைவிடக் கெட்டி: மெசினையே நிற்பாட்டிவிடு, செலவு பூச்சியம்!

எண்ணெயே தரவில்லை என்று சொன்னால் எங்கள் வாய் வேகும். சுன்னாகத்து அனல்மின் நிலையத்தின் கழிவு எண்ணெய், கேளாமலே கிணறுகளுக்குள் இறங்கியதே! 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. தோட்டத்துக்குச் சொட்டுச் சொட்டாக அளந்த நாட்டில், குடிக்கிற தண்ணீருக்குள் விட்டபோது மட்டும் ஒருவரும் அளக்கவில்லை.