பிளீட் அட்மிரலும் எண்பது கிராம் குண்டும்

எங்கள் கடை கீபோர்டில் முதலில் அழிந்த எழுத்து இசட். அடுத்து அழிந்தது சாய்கோடு. 2003-இல் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில், டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், இவைதான் பிழைப்பு. ஒருநாள் முதலாளி கீபோர்டைக் கவிழ்த்துத் தூசி தட்டிவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி உற்றுப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நம்ம அடிக்கிற பத்திரிகைல எங்கப்பா இவ்வளவு இசட்டு வருது?"

"பேரை இங்கிலீஷ்லயும் போடச் சொல்றாங்கண்ணே. நவாஸு, பைரோஸுன்னு..."

அவர் நம்பியதுபோல் காட்டிக்கொண்டார். நானும் அவர் நம்பிவிட்டதாகவே வைத்துக்கொண்டேன்.

விண்டோஸ் எக்ஸ்பி-யோடு இலவசமாக வந்த பின்பால்தான் இசட்டைத் தின்றது. 'ஸ்பேஸ் கேடட்' என்று பெயர். இசட்டை அழுத்தினால் இடது பிளிப்பர், சாய்கோட்டை அழுத்தினால் வலது. ஸ்பேஸ் பாரை அமுக்கிப் பிடித்து விட்டால் குண்டு விண்வெளிக்குக் கிளம்பும். கேடட்டாகச் சேர்ந்து, ஒன்பதாவது பதவியான பிளீட் அட்மிரல்வரை உயரலாம். எனக்கு நிஜ வேலையில் முதல் ஐந்து வருடத்தில் ஒரு பதவி உயர்வும் கிடைக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

சினிமாட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம் செய்து, மேக்சிஸ் 1995-இல் 'ஃபுல் டில்ட்' என்ற பெயரில் விற்ற விளையாட்டு அது. அதில் மூன்று மேசைகள். கொள்ளைக்காரர்களுக்கு ஒன்று, டிராகனுக்கு ஒன்று, விண்வெளிக்கு ஒன்று. மைக்ரோசாஃப்ட் விண்வெளியை மட்டும் எடுத்து விண்டோஸில் சேர்த்துக்கொண்டது. மற்ற இரண்டையும் எங்கள் சந்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

2008-இல் ஒருநாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. அந்த வருடம் அது செய்தியே இல்லை. யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அது கத்த ஆரம்பித்தால் எனக்குப் பத்து நிமிடம். ஒரு ஜன்னலில் சேமிக்காத கல்யாணப் பத்திரிகை. தாய்மாமன்கள் வரிசையே பதினாறு பேர். இன்னொரு ஜன்னலில் நான் கமடோர் பதவியில் கடைசிக் குண்டோடு நிற்கிறேன். எந்த ஜன்னலுக்குப் போனேன் என்று கேட்காதீர்கள். எட்டாவது நிமிடம் பிளீட் அட்மிரல் ஆனேன். பத்தாவது நிமிடம் திரை இருண்டது. பதினாறு தாய்மாமன்களையும் மறுநாள் மறுபடி முதலிலிருந்து அடித்தேன். அதில் ஒருவர் விட்டுப்போய், அந்தக் கல்யாணத்தில் அவர் பந்திக்கு உட்காராமல் போனது தனிக் கதை.

இந்த அட்மிரல் பதவிக்கு முன்னால் ஒரு திருட்டுத்தனமும் உண்டு. ஆட்டம் தொடங்கியதும் 'ஹிட்டன் டெஸ்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்தால், குண்டை மவுஸால் பிடித்து எங்கே வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகலாம். பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையன் சொல்லித் தந்தான். ஒரு வாரம் அப்படி ஆடினேன். கடவுள் இந்த வேலையை எப்படி சலிக்காமல் பார்க்கிறாரோ தெரியவில்லை, எனக்கு ஒரே வாரத்தில் சலித்துவிட்டது.

இதற்கிடையே விண்டோஸ் விஸ்டா வந்திருந்தது. அதில் பின்பால் இல்லை. மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2012-இல் காரணத்தை எழுதினார். 64 பிட்டுக்கு மாற்றியபோது, குண்டு எதில் மோதுகிறது என்று கண்டுபிடிக்கும் பகுதி கெட்டுப்போய், குண்டு எல்லாவற்றையும் பேய் மாதிரி ஊடுருவிச் சென்றதாம். ஆட்டம் தொடங்குமுன்னே ஸ்பிரிங்கைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுமாம். வெளியே வாங்கிய, விளக்கக் குறிப்புகள் அதிகம் இல்லாத நிரல். எங்கே பிழை என்று பிடிபடாமல் விளையாட்டையே தூக்கிவிட்டார்கள். நான் அட்மிரலாக இருந்த கப்பலின் சுவர்கள் எவ்வளவு கெட்டி என்பது அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் கடைக்கு இதனால் பாதிப்பில்லை. எங்களிடம் இருக்கும் பழைய தமிழ் எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும் புது மெஷினில் சரியாக ஓடாது. அதனால் அந்த எக்ஸ்பி டப்பா இன்றைக்கும் மூலையில் விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தமிழ் பிழைக்க வேண்டும் என்று பின்பாலும் பிழைத்தது.

2019-இல் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். சிகாகோவுக்கு வெளியே, முக்கால் மணி நேரக் கார் தூரம். மூன்றாம் நாளே எனக்குப் போரடிக்கிறது என்பதை மாப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டார். "வாங்க மச்சான், பவுலிங் போவோம்" என்று கூட்டிப்போனார். பதினோரு வயது மருமகளும் ஏறிக்கொண்டாள். பவுலிங்கில் நான் போட்ட பந்து ஓரக் கால்வாயில்தான் போயிற்று. கையை உதறிக்கொண்டு நடந்தவன், மூலையில் நாலு கால் மேல் நிற்கும் ஒரு பெட்டியைப் பார்த்தேன். 'ஆடம்ஸ் ஃபேமிலி'. 1992-இல் பாலி பெயரில் வந்தது, வடிவமைத்தவர் பாட் லாலர். இருபதாயிரத்துக்கு மேல் விற்ற மெஷின் என்றெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பின்பால்! என் ஊர்!

"மாப்ளே, இது நமக்குக் கைவந்த கலை. அட்மிரல்வரைக்கும் போயிருக்கேன்."

"அப்படியா மச்சான்?" என்று மரியாதையாகக் காசு எடுத்துப் போட்டார்.

ஸ்பேஸ் பாரைத் தேடினேன். அது இல்லை. மருமகள் இழுத்துவிடும் கைப்பிடியைக் காட்டினாள். குண்டு மேலேறியது, ஒரு வளைவில் சுற்றியது, நேராக இரண்டு பிளிப்பருக்கும் நடுவில் இறங்கிக் காணாமல் போனது. இருபது விநாடி இருக்கும். நான் ஒரு தடவைகூடக் குண்டைத் தொடவில்லை.

"இப்படித்தான் முதல் குண்டு" என்றார் மாப்பிள்ளை. இரண்டாவதும் அப்படித்தான்.

என்ன வித்தியாசம் என்று மூன்றாவது குண்டில்தான் உறைத்தது. கணினியில் குண்டுக்குக் கோணம் உண்டு, வேகம் உண்டு, கனம் கிடையாது. இது எண்பது கிராம் எஃகு, நெல்லிக்காயளவு. பலகை ஆறரை டிகிரி சாய்ந்திருக்கிறது. பிளிப்பரில் குண்டு விழும்போது உள்ளங்கையில் அதிர்வு ஏறுகிறது. சின்ன வயதில் கிணற்றுக் கயிற்றைப் பிடித்திருக்கும்போது கீழே வாளி தண்ணீரில் முட்டினால் கைக்குத் தெரியுமே, அந்த மாதிரி. கடையில் இருந்த பிளிப்பர் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இங்கே இடது பிளிப்பர் கொஞ்சம் சோம்பேறி. ரப்பர் ஓரிடத்தில் தேய்ந்திருந்தது. அந்த இடத்தில் பட்டால் குண்டு சுரத்தில்லாமல் திரும்பியது. இதையெல்லாம் ஆடுகிறவன்தான் மனதில் குறித்துக்கொள்ள வேண்டுமாம். மூன்றாவது குண்டை வெகுநேரம் காப்பாற்றினேன். பலகைக்கு அடியில் காந்தங்கள் இருக்கின்றன. திடீரென்று உயிர் வந்து குண்டைச் சாமியாட வைக்கின்றன. அதையும் தாண்டினேன். ஸ்கோர் லட்சங்களில் ஏறியது. பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

"இந்த மெஷின்ல சும்மா நின்னாலே லட்சம் வரும் மச்சான். கோடிலதான் கணக்கு."

அடுத்து மருமகள் ஆடினாள். அவள் ஆடும்போது நான் பார்த்தது குண்டை அல்ல, அவள் இடுப்பை. குண்டு ஓரச் சந்தில் விழப்போகும் நேரம் பார்த்து மெஷினை ஒரு இடி இடித்தாள். குண்டு மனம் மாறி உள்ளே திரும்பியது.

"பாப்பா, இது அழுகுணி ஆட்டம்."

"இல்ல மாமா, இடிக்கணும். சும்மா நின்னா தோத்துடுவீங்க."

அட, இடிக்கலாம் என்று ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! என் முறை வந்தபோது, ஸ்டார்ட் ஆகாத டவுன் பஸ்ஸைத் தள்ளிப் பழகிய உடம்பு இது, ஒரு இடி கொடுத்தேன். திரையில் 'டேஞ்சர்' என்று வந்தது. அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இன்னொன்று கொடுத்தேன். மூன்றாவதில் அத்தனை விளக்கும் செத்தது. பிளிப்பர் செத்தது. குண்டு மட்டும் யாருக்கும் சொந்தமில்லாததுபோல் மெதுவாக உருண்டு குழிக்குள் போனது.

மாப்பிள்ளை விளக்கினார். பெட்டிக்குள் ஒரு கம்பியில் எடை தொங்குகிறது, நம் கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி. அதைச் சுற்றி ஒரு உலோக வளையம். அளவுக்கு மீறி ஆட்டினால் எடை வளையத்தில் படும், மின்சுற்று மூடும், அந்தக் குண்டின் ஆட்டம் போகும். இதற்குப் பெயர் டில்ட். இடிக்க அனுமதி உண்டு, எவ்வளவு என்பதை அந்தத் தூக்குக்குண்டு தீர்மானிக்கும். தாய்மாமன்கள் விஷயத்திலும் இப்படி ஒரு கம்பி தொங்கினால் தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு எண் ஓடியது. உடனே பெட்டிக்குள்ளிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம், யாரோ உள்ளேயிருந்து சுத்தியலால் அடித்த மாதிரி. சத்தியமாக உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். டாலரில் எவ்வளவு தண்டம் ஆகும் என்று மனம் எழுபதால் பெருக்கத் தொடங்கியது. கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. மருமகள் கை தட்டினாள். என் ஸ்கோரின் கடைசி இரண்டு இலக்கமும் அந்த எண்ணும் ஒன்றாம். ஒரு ஆட்டம் இலவசம். அன்று முழுக்க நான் ஜெயித்தது அது ஒன்றைத்தான். அதில் என் திறமை எள்ளளவும் கிடையாது.

இந்த 'டொக்'குக்காகத்தான் ஒருகாலத்தில் ஊரே சண்டை போட்டிருக்கிறது. 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' மெஷின் வரும்வரை பிளிப்பரே கிடையாது. ஸ்பிரிங்கை இழுத்துவிட்டு, ஆணிகளுக்கு நடுவே குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆணிக்கு அங்கே 'பின்'; பெயர் வந்த வழி அதுதான். சின்ன வயதில் தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சியில் அப்பா வாங்கித் தந்த ஆணி அடித்த பலகையும் கோலிக்குண்டும் இதன் சித்தப்பா முறை. பின்பால் சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க்கில் மேயர் லகார்டியா 1940-களில் தடை போட்டு, சம்மட்டியால் மெஷின்களை உடைத்துப் படமும் எடுத்துக்கொண்டார். காட்லீப், பாலி, வில்லியம்ஸ் என்று பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் தாய்வீடான சிகாகோவிலேயே 1970-கள் வரை தடை இருந்திருக்கிறது. செய்யலாம், ஊருக்குள் ஆடக்கூடாது. சிவகாசிக்காரர்களுக்கு இது கொஞ்சம் புரியும்.

1976-இல் நியூயார்க் நகர மன்றத்தின் முன்னால் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் மெஷினை வைத்து ஆடிக் காட்டினார். ஸ்பிரிங்கை இழுப்பதற்கு முன்பே, குண்டு நடுப்பாதையில் இறங்கும் என்று சொல்லிவிட்டு இழுத்தார். இறங்கியது. இது திறமைதான் என்று தடையை நீக்கினார்கள். அந்த ஒரு குண்டு அதிர்ஷ்டத்தில் விழுந்தது என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

என் இலவச ஆட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. குண்டு ஒரு குழிக்குள் போய் நின்றது. வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டியின் மூடி திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. மணிக்கட்டுவரைக்குமான பிளாஸ்டிக் கை. குனிந்து, குண்டைக் காந்தத்தால் ஒட்டி எடுத்துக்கொண்டு, சாவகாசமாகப் பெட்டிக்குள் போனது, மூடி சாத்திக்கொண்டது. நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து நின்றேன். கடையில் ஒரு வாரம் மவுஸால் நான் செய்த வேலை! இங்கே எனக்கும் குண்டுக்கும் நடுவில் கண்ணாடி; மெஷினுக்கு மட்டும் உள்ளே கை இருக்கிறது. அதோடு, மேலே இருக்கும் ஒரு பிளிப்பரைச் சில நேரம் மெஷினே தானாக அடித்துக்கொள்கிறது. போன தடவை தவறியதை வைத்து அடுத்த தடவை நேரத்தைத் திருத்திக்கொள்ளுமாம். அசல் அசல் என்று மாப்பிள்ளை புகழ்ந்த பெட்டிக்குள்ளும் கடைசியில் ஒரு கணினிதான் உட்கார்ந்து எனக்குப் பதில் ஆடிக்கொண்டிருந்தது.

மதுரை திரும்பிய மறுநாள் கடைக்குப் போனேன். எக்ஸ்பி டப்பாவை உயிர்ப்பித்து, இசட் இல்லாத கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டேன். குண்டு இடது சந்துப் பக்கம் சரிந்தது. இடுப்பு தானாக மேசையை இடித்தது. குண்டு அதுபாட்டுக்குப் போனது. டீ தளும்பி, பூப்பு நீராட்டு விழாப் பத்திரிகையின் புரூஃப் மேல் கொட்டியது.

முதலாளிக்கு அப்போது எழுபது வயது. தலையைத் தூக்கிப் பார்த்தார். "அமெரிக்கா போயிட்டு வந்து என்னப்பா, மேசையெல்லாம் முட்டுற?"

சொன்னேன். அவர் எழுந்து வந்து, மவுஸை வாங்கி, மேலே ஆப்ஷன்ஸுக்குப் போய், பிளேயர் கண்ட்ரோல்ஸ் என்பதைத் திறந்தார். இடது பக்கம் இடிக்க எக்ஸ், வலது பக்கம் இடிக்க முற்றுப்புள்ளி, கீழிருந்து இடிக்க மேல் அம்பு. பதினாறு வருடமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"நீ மத்தியானம் சாப்பிடப் போறதே ஒரு மணி நேரம்" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

எக்ஸை ஒரு தட்டுத் தட்டினேன். திரைக்குள் மேசை ஒரு நூல் அசைந்தது. மிச்ச டீ அசையவில்லை. கீபோர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். எக்ஸும் பாதி அழிந்துதான் இருந்தது.