காப்பி அடித்தலும் நாற்காலியின் உயரமும்: ஓர் ஆராய்ச்சி

தொழில்நுட்பத்தையும் அரசியலையும் பற்றிச் சாதாரண மனிதர் சொல்லும் கருத்துகளில் இரண்டு, எந்த ஊருக்குப் போனாலும் காதில் விழும். ஒன்று: 'கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து எல்லாரும் காப்பி அடிக்கிறார்கள்.' மற்றொன்று: 'சட்டமெல்லாம் கம்பெனிக்காரன் எழுதிக் கொடுப்பதுதான்.' முதலாவதை ஆசிரியர்களும் சினிமாக்காரர்களும் வருத்தத்தோடு சொல்வார்கள். இரண்டாவதைப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுபவர் சலிப்போடு சொல்வார். இவை வேறு வேறு துறையைச் சேர்ந்த கருத்துகள் என்று அறிஞர் உலகம் இதுவரை எண்ணி வந்திருக்கிறது. அது பிழை. இரண்டும் ஒரே கருத்தின் இரு பாதிகள். அவற்றை ஒட்டவைக்கும் பசை நாற்காலியின் உயரம் என்பதே இக்கட்டுரையின் துணிபு. காப்பி அடிப்பவரின் நாற்காலி தரையை ஒட்டி இருந்தால் அச்செயலின் பெயர் திருட்டு. உயர உயர அதன் பெயர் கொள்கை முடிவு.

முதலில் கருவியின் மேல் பழி போடுவதை விலக்க வேண்டும். வெட்டி ஒட்டும் வித்தையை 1970களின் நடுவில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் வகுத்தது ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில். நகலுக்கே தன் பெயரைத் தந்துவிட்ட கம்பெனியில் அது பிறந்ததைத் தற்செயல் என்று சொல்ல மனம் வரவில்லை. கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி என்ற அந்த விசைகளுக்குத் தம்மை அழுத்தும் விரல் யாருடையது என்று தெரியாது. இவ்விரண்டையும் புனிதச் சின்னங்களாகக் கொண்ட கோப்பிமிசம் என்ற சமயத்துக்குச் சுவீடன் அரசு அங்கீகாரம் கொடுத்த செய்தி 2012 ஜனவரியில் வெளிவந்தது. சின்னங்களாகக் கும்பிடும் அளவுக்கு அந்த விசைகள் குற்றமற்றவை. ஆகவே குற்றத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

தாழ்ந்த நாற்காலிக்குச் சான்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கிடைக்கிறது. இருபத்து நான்கு பாடல்களை இணையத்தில் பகிர்ந்ததற்காக அங்கே ஒரு பெண்மணி 19,20,000 டாலர் கொடுக்க வேண்டும் என்று 2009இல் ஜூரி சொன்னது. பாட்டுக்கு 80,000 டாலர். வழக்கு மேலும் கீழுமாக அலைந்து கடைசியில் 2,22,000 டாலரில் வந்து நின்றது. உயர்ந்த நாற்காலிக்குச் சான்று அதே நாட்டின் நாடாளுமன்றத்தில் இருக்கிறது. நிதிச் சந்தை விதிகளைத் தளர்த்தும் மசோதா ஒன்றின் 85 வரிகளில் 70க்கும் மேற்பட்டவை சிட்டிகுரூப் வங்கியின் பரிந்துரைகளை ஒட்டி இருந்ததாக நியூயார்க் டைம்ஸ் 2013 மே மாதம் எழுதியது. முக்கியமான இரண்டு பத்திகள் ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் வங்கித் தரப்பு தயாரித்தவை. உறுப்பினர்கள் சும்மா இருந்துவிடவில்லை. இரண்டு சொற்களைப் பன்மையாக்கினார்கள். வழிநூல் செய்யும் முறைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்கைத் தொல்காப்பியம் தருகிறது. 'கள்' விகுதி சேர்த்தல் என்ற ஐந்தாவது முறை தொல்காப்பியருக்குத் தோன்றாமல் போனது, அவர் காலத்தில் வங்கிகள் இல்லாததால்தான் என்று கொள்க. பாட்டுக்கான அதே கட்டணத்தைப் பத்திக்கும் போட்டால் இரண்டு பத்திக்கு 1,60,000 டாலர் ஆகிறது. யாரும் பில் அனுப்பவில்லை.

இது ஓரிடத்து விதிவிலக்கு என்று தள்ள முடியாது. யூ.எஸ்.ஏ. டுடே முதலிய செய்தி நிறுவனங்கள் சேர்ந்து அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களின் மசோதாக்களைக் கம்ப்யூட்டரால் ஒப்பிட்டு 2019இல் முடிவை வெளியிட்டன. கம்பெனிகள், தொழில் சங்கங்கள், கொள்கைக் குழுக்கள் எழுதித் தந்த மாதிரிகளிலிருந்து ஏறத்தாழ அப்படியே எடுத்த மசோதாக்கள் எட்டாண்டுகளில் 10,000க்கும் மேல்; அவற்றில் 2,100க்கும் மேற்பட்டவை சட்டமாகிவிட்டன. ஐரோப்பாவிலும் இதே கதைதான். தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அங்குள்ள நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்களில் அமேசான், ஈபே, அமெரிக்க வர்த்தக சபை ஆகியவற்றின் காகிதங்களில் இருந்த வாசகங்கள் அப்படியே கிடப்பதை லாபிபிளாக் என்ற தளம் 2013இல் பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டியது. மாணவர்களின் கட்டுரைத் திருட்டைப் பிடிக்கக் கண்டுபிடித்த உத்தி இது. அதைச் சட்டமன்றத்தின் மேல் திருப்பியதுதான் இத்துறையில் அண்மைக் காலத்தில் நடந்த ஒரே உண்மையான முன்னேற்றம்.

இனித் தடைகளும் விடைகளும். எழுதியவரே 'எடுத்துக்கொள்' என்று கொடுக்கும்போது அது எப்படித் திருட்டாகும் என்பது முதல் தடை. பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையன் விடைத்தாளைச் சாய்த்துக் காட்டுவதும் சம்மதத்தோடுதான். எந்த ஸ்குவாடும் அந்தச் சம்மதத்தைக் கேட்டு மனம் இளகித் திரும்பிப் போனதில்லை. அங்கே ஏமாந்தவர் பக்கத்துப் பையன் அல்லவே, மார்க் போடுபவர். சட்டமன்றத்தில் மார்க் போடுபவர் வாக்காளர். சட்டம் என்றாலே ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுவதுதானே என்பது இரண்டாம் தடை. உண்மை. அமெரிக்க மாநிலங்களுக்குப் பொதுவான மாதிரிச் சட்டங்களை எழுதுவதற்கென்றே ஓர் ஆணையம் 1892 முதல் இயங்குகிறது. ஆனால் அது தன் பெயரைப் போட்டே வெளியிடுகிறது, யாரும் ஆட்சேபிக்கவில்லை. மூன்றாம் தடைதான் கொஞ்சம் கனமானது. ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் கார்ல்-தியோடர் சு குட்டன்பெர்க், முனைவர் பட்ட ஆய்வேட்டில் காப்பி அடித்தது தெரிந்து 2011 மார்ச்சில் பதவி விலகினார். அமைச்சர் நாற்காலியைவிட உயரம் வேண்டுமா, கோட்பாடு பொய்த்ததே என்பர். அற்றன்று. அவர் காப்பி அடித்தது மாணவர் நாற்காலியில். அதே வாசகங்களை ஒரு மசோதாவில் ஒட்டியிருந்தால் இன்னும் சில ஆண்டுகள் அமைச்சராக இருந்திருப்பார்.

உயரமான நாற்காலிக்குப் போனவர், தாம் ஏறிவந்த ஏணியை எடுத்துவிடுவதும் உண்டு. டிஸ்னி கம்பெனி சிண்டரெல்லாவையும் பனிவெள்ளையையும் கூலி கொடுக்காமல் பழைய கதைப் புத்தகங்களிலிருந்து எடுத்துக்கொண்டது. மிக்கி எலி புகழ்பெற்ற 1928ஆம் ஆண்டுக் கார்ட்டூனின் தலைப்பே அதே ஆண்டு வந்த பஸ்டர் கீட்டன் படத்தின் தலைப்பைக் கிண்டல் செய்தது. அந்த எலியின் மேல் இருந்த காப்புரிமை 2003 முடிவில் தீர வேண்டியது. அதே கம்பெனியும் சேர்ந்து லாபி செய்ததில், 1998இல் வந்த சட்டம் இன்னும் இருபதாண்டு நீட்டியது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெஸ்ஸிக் 2003இல் ஏழுக்கு இரண்டு என்று தோற்றார். 2007இல் அவர் காப்புரிமை ஆராய்ச்சியை ஓரங்கட்டிவிட்டு அரசியலில் பணத்தின் ஊழல் பக்கம் போனார். நாம் ஒட்டவைக்கப் பார்க்கும் இரு கருத்துகளையும் அவர் தம் வாழ்க்கையிலேயே ஒட்டிவிட்டார், நாற்காலியைத்தான் அளக்கவில்லை.

பரிகாரம் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் ஆக்கியோன் பெயர் இருக்க வேண்டும் என்று நன்னூல் விதிக்கிறது. மசோதாவுக்கும் அதுபோல ஒரு பாயிரம் போதும். இதற்கு முன்மாதிரியும் உண்டு. கார்ப்பரேட் வரியைக் குறைக்கச் சொல்லும் ஒரு தீர்மானத்தை 2011இல் புளோரிடா சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் கொண்டுவந்தார். கம்பெனிகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் கூடி மாதிரி மசோதா எழுதும் அமெரிக்கச் சட்டமியற்றல் பரிமாற்ற மன்றத்தின் நோக்கம் இன்னது என்று, மன்றத்தின் பெயரோடு ஒரு பத்தி அதில் அப்படியே நின்றிருந்தது. பக்கத்துப் பையனின் ரோல் நம்பரையும் சேர்த்து எழுதிய மாணவனைப் போல, ஆக்கியோன் பெயரைத் தவறாமல் தந்த மசோதா நமக்குத் தெரிந்து அது ஒன்றுதான். விரைவிலேயே தீர்மானம் திரும்பப் பெறப்பட்டு, வேறு எண்ணில் மறுபடியும் வந்தது. அந்தப் பத்தியை மட்டும் காணவில்லை.