பென்சிலை எடுக்காமல் எழுதிய ஆங்கிலம்

எழுபதுகளில் தாராவியிலிருந்து லேபர் கேம்ப் வழியாக நடந்து, ரயில் பாலம் ஏறி இறங்கி, மாதுங்காவில் சுருக்கெழுத்து படித்தவர் யாராவது இதை வாசித்தால், 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்' என்பதைப் பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்ட மகிழ்ச்சி அவருக்கும் நினைவிருக்கும். ஐசக் பிட்மன் 1837இல் வகுத்த முறை அது. பம்பாயின் முதல் ஒலிக்குக் கோட்டை அழுத்த வேண்டும், பாளையங்கோட்டையின் முதல் ஒலிக்கு அதே கோட்டை மெலிதாக இழுத்தால் போதும்.

பகலில் கோட்டைப் பகுதி ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பாடம் எடுத்த எங்கள் சார், டிக்டேஷனுக்கு நடுவே மரபுத்தொடர் ஒன்றைச் செருகிவிடுவார். 'ரெட் டேப்' வந்த அன்று சட்டைப்பையிலிருந்து கோப்பு கட்டும் சிவப்பு நாடாவையே எடுத்து மேஜையில் வைத்து, "தம்பி, இது அவிழ்ந்தாத்தான் உன் காகிதம் நகரும்" என்றார். அர்த்தம் சொன்னதும் ஒரு வாக்கியம் அமைக்கச் சொல்வார். அமைக்காமல் எவனும் வீடு போக முடியாது.

மீதி ஆங்கிலம் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் கிடைத்தது. அங்கே வாங்கிய பழைய ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தில், முன்பு வைத்திருந்த யாரோ ஒரு தமிழர் ஓரமெல்லாம் பென்சிலால் அர்த்தம் எழுதியிருந்தார். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதற்கு 'அத்தி பூத்தாற்போல்'. அதற்குக் கீழே, இன்னும் பொடி எழுத்தில், 'நான் ஊருக்குப் போவது'. முகம் தெரியாத அந்த மனிதரோடு எனக்கு அன்றே உறவு ஏற்பட்டுவிட்டது.

இப்போது மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் வேலை பார்க்கும் என் பேத்தி, வீட்டிலிருந்தே 'லெட்ஸ் சர்க்கிள் பேக்' என்று மீட்டிங்கை முடிக்கிறாள். அவளிடம் யாரும் சுருக்கெழுத்து கேட்கவில்லை, எங்கள் விலாசத்தைப் பார்த்து முகம் சுளிக்கவும் இல்லை. அதில் எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம். தெரியாத சொல்லைப் போனில் தட்டினால் கண்ணிமைப்பதற்குள் அர்த்தம் வந்துவிடுகிறது, ஓரத்தில் ஊர் ஏக்கத்தை எழுதிவைத்த ஆள்தான் வருவதில்லை.

பேரன் 'ரிஸ்' என்கிறான். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 2023இன் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. கரிஸ்மாவின் நடுத்துண்டாம், பார்த்தவுடன் ஆளை மயக்கும் கவர்ச்சியாம். விளக்கிவிட்டு, "தாத்தா, ஒரு வாக்கியத்துல வெச்சுச் சொல்லு" என்றான்.

"எம்ஜிஆருக்கு ரிஸ் ஜாஸ்தி."

சரி என்று அடுத்த சொல்லுக்குப் போனான்.