மெல்ல, ஆனால் உறுதியாக: பெருவிரல் அழுத்தவியலுக்கு ஓர் அறிமுகம்

மேசைக் கணினியில் மதர்போர்டு பொருத்துவது பற்றி இதுவரை எழுதியவர்கள், எதை எங்கே செருக வேண்டும் என்பதோடு நின்றுவிட்டார்கள். எவ்வளவு அமுக்க வேண்டும் என்ற வினாவை அவர்கள் முறையாக எழுப்பவில்லை. இக்குறையைப் போக்கும் பொருட்டே இக்கட்டுரை எழுந்தது. ஆய்வின் எல்லை புராசசரில் தொடங்கிக் கேபினெட்டின் பக்கத் தகட்டில் முடிகிறது. மடிக்கணினிகள் விலக்கப்பட்டன. அவற்றுள் பலவற்றில் ரேமைப் போர்டோடு பற்றவைத்தே அனுப்பிவிடுகிறார்கள். பெருவிரலுக்கு அங்கே வேலையில்லை.

முதன்மைச் சான்றுகள் கையேடுகள். ரேம் பொருத்தும் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே உபதேசம்தான்: மெல்ல, ஆனால் உறுதியாக அழுத்தவும். மெல்ல அழுத்தினால் ரேம் உள்ளே போகாது. உறுதியாக அழுத்தினால் அது மெல்ல ஆகாது. இரண்டும் ஒரே விரலில், ஒரே கணத்தில் நிகழ வேண்டுமாம். விசைக்கு அலகு இல்லாமலில்லை. நூறு கிராம் பொருளை உள்ளங்கையில் வைத்தால் கை தாங்குவது ஏறக்குறைய ஒரு நியூட்டன். இத்தனை நியூட்டன் என்று ஒரு வரி போட்டிருக்கலாம். போட மாட்டார்கள்.

இதே தொழில் மற்ற இடங்களில் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். விதிமுறையின்படி முழு அளவுப் போர்டு 305 மி.மீ.க்கு 244 மி.மீ. கேபினெட்டின் பின்புறத்தில் யு.எஸ்.பி. முதலியவை எட்டிப்பார்க்கும் துளை 158.75 மி.மீ.க்கு 44.45 மி.மீ. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்! போர்டின் பேட்டரிக்கு சி.ஆர்.2032 என்று பெயர், 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன் என்ற அளவையே பெயராகச் சூட்டிவிட்டார்கள். புராசசருக்குள் நானோமீட்டர் கணக்கு. இவ்வளவு கறாரான கூட்டத்தார், மனித விரல் என்று வந்தவுடன் மட்டும் சித்தர் பரிபாஷைக்குத் தாவுகிறார்கள்.

எனவே கருதுகோள் இது: கணினி பொருத்துகையில் நேரும் கேடுகளில் பெரும்பாலானவை, அமுக்க வேண்டியதை அமுக்கத் தயங்கியதாலோ அமுக்கக் கூடாததை அமுக்கியதாலோ விளைகின்றன. அறிவுக்கும் இதற்கும் தொடர்பு குறைவு.

அறிவு தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஏ.டி.எக்ஸுக்கு முந்தைய ஏ.டி. காலத்தில் எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து போர்டுக்கு இரண்டு பிளக்குகள் வரும்: பி8, பி9. இரண்டும் ஆறாறு ஊசி. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை மாற்றிச் செருகிவிடலாம். செருகினால் போர்டு கருகும். கறுப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும் என்பதே அன்று மெக்கானிக்குகள் மனப்பாடம் செய்த முதற் சூத்திரம். ஏ.டி.எக்ஸ். வந்து அவ்விரண்டையும் ஒரே 20 ஊசிப் பிளக்காக்கி, திருப்பிச் செருக முடியாதபடி துளைகளுக்கு வடிவம் வைத்தது. பின்னாளில் அது 24 ஆயிற்று. ஏ.டி.எக்ஸ். வந்த அன்றோடு சூத்திரம் வழக்கொழிந்தது. அமுக்கும் பலம் ஒன்றே எஞ்சியது. போதிய பலம் இருந்தால் எதையும் எதற்குள்ளும் செருகிவிடலாம் என்ற உண்மையை மட்டும் வடிவமைத்தவர்கள் கணக்கில் கொள்ளவில்லை.

கையேடுகள் கைவிட்ட இடத்தில் வாய்மொழி மரபு நிற்கிறது. தமிழகத்தில் இம்மரபின் தலைமைப் பீடம் சென்னை ரிச்சி தெரு. அண்ணா சாலையை ஒட்டி, நரசிங்கபுரம் தெருவோடு பின்னிக் கிடக்கும் இக்கடைவீதியில், போர்டு வந்த அட்டைப்பெட்டியே ஆய்வு மேசை. அதன்மேல் போர்டை வைத்து, கேபினெட்டுக்கு வெளியிலேயே எல்லாவற்றையும் மாட்டி, டிஸ்ப்ளே வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே இறக்குவார்கள். வாங்க வந்தவர் பதைபதைத்து, “தம்பி, இவ்ளோ அமுக்கணுமா?” என்பார். “அமுக்கலாம் சார், ஒண்ணும் ஆவாது” என்று பதில் வரும். ஒண்ணும் ஆவாது என்ற இந்தக் கோட்பாட்டுக்கு நிரூபணம் கேட்கக் கூடாது. அது வாரண்டியிலும் சேராது.

இனிப் பொருள்களைத் தனித்தனியே நோக்குவோம். புராசசருக்கு வேண்டிய அழுத்தம் சுழியம். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வகையில் 1331 ஊசிகள் புராசசரின் அடியிலேயே இருக்கும். மூலையிலுள்ள பொன்னிற முக்கோணம் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருந்தினால், தன் எடையாலேயே அது உள்ளே விழும். விழவில்லையென்றால் திசை தவறு. அப்போது விரலைக் கொண்டுபோகிறவர் ஊசியை வளைத்துவிட்டு, ஷேவிங் பிளேடை வைத்து நிமிர்த்தும் துணைக்கலையைக் கற்க நேரிடும். இன்டெல் 2004-இலேயே எல்.ஜி.ஏ. 775 மூலம் ஊசிகளைப் புராசசரிலிருந்து எடுத்துச் சாக்கெட்டுக்குள் வைத்தது; ஏ.எம்.டி. 2022-இல் ஏ.எம்.5 கொண்டுவந்து பின்தொடர்ந்தது. பாவம் இடம் மாறிற்றே தவிர ஒழியவில்லை.

ஆனால் இந்த வகையில் ஒரு திருப்பம் உண்டு. புராசசரை வைக்க அழுத்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருக்கும் நெம்புகோலை மூடச் சொல்வார்கள். எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் 1700 நுண்ணிய வில் முனைகள். அத்தனையையும் ஒரே நேரத்தில் அமிழ்த்துவது அந்த ஒற்றை நெம்புகோல். எனவே அது முனகும், பாதி வழியில் எதிர்க்கும், விலை உயர்ந்த எதுவோ நொறுங்குவதுபோல் ஓர் ஓசை எழும். சரியாக அந்த நேரம் பார்த்து மேலிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ‘டப்’பென்று தெறித்து விழும். இவ்வளவும் இயல்பு. புதியவர்கள் இங்கே நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பது மரபு.

ரேமே இத்துறையின் மையம். அதன் வரலாறு பெருவிரலின் சுமை கூடிய வரலாறு. 72 முனை கொண்ட பழைய சிம் வகையைச் சாய்த்து வைத்து நிமிர்த்தினால் போதும், அழுத்தமே இல்லை. பிறகு வந்த எஸ்.டி. ரேமில் 168 முனை, டி.டி.ஆரில் 184, அடுத்த இரு தலைமுறையில் 240, டி.டி.ஆர்.4-இலும் 5-இலும் 288. ஒவ்வொரு முனையையும் சாக்கெட்டிலிருக்கும் ஒரு வில் கவ்வுகிறது. 288 வில்களை இரண்டு பெருவிரல்கள் வெல்ல வேண்டும். இது மிகை என்று கருதுவோர் டி.டி.ஆர்.4 ரேமின் கீழ் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். அது நேர்கோடாக இராது. நடுவில் சற்றுத் தாழ்ந்திருக்கும். எல்லா முனைகளும் ஒரே நேரத்தில் நுழைந்து எதிர்க்காமல் இருக்கத்தான் அந்த வளைவு. தரநிர்ணயக் குழுவே பெருவிரலின் துயரத்தைச் செம்பில் எழுதி ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எண் சொல்ல மனமில்லாதவர்கள் விளிம்பை வளைத்திருக்கிறார்கள்.

துணைச் சிக்கல்: விலை குறைந்த போர்டுகள் அகலத்தில் ஒடுங்கியவை. அவற்றின் வலது ஓரத்தில் திருகுத் துளை இருக்காது. அடியில் தாங்கும் பித்தளைக் குமிழும் இருக்காது. ரேம் இருப்பதும் 24 ஊசிப் பிளக் இருப்பதும் அந்த ஓரத்தில்தான். அதிகம் அமுக்க வேண்டிய இரண்டையும் அந்தரத்தில் தொங்கும் பக்கத்தில் வைத்தவர் யார் என்று தெரியவில்லை. அவர் போர்டு மாட்டியவர் அல்லர் என்பது மட்டும் பெறப்படும். ரேமை முன்பே வெளியில் மாட்டும் ரிச்சி தெரு முறை இதற்கு எழுந்த விடை. ரேம் சரியாக அமர்ந்ததா என்பதற்கு அளவுகோல் ஓசை. இருபுறமும் கொக்கியுள்ள சாக்கெட்டில் இரண்டு ‘டக்’ கேட்க வேண்டும். ஒன்றே கேட்டால் பாதி உட்கார்ந்திருக்கிறது. ஒன்றும் கேட்காவிட்டால் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது.

டிஸ்ப்ளே வராத நிலையில் தமிழகத்தில் வழங்கும் சிகிச்சை, ரேமைக் கழற்றிப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தங்க முனைகளைத் தேய்த்து மீண்டும் மாட்டுவது. பெரும்பாலும் பலிக்கிறது. ரப்பர் அழுக்கை நீக்குவதால் பலிக்கிறது என்பர் ஒரு சாரார். கழற்றி மாட்டியதே மருந்து, ரப்பர் வெறும் சடங்கு என்பர் மறு சாரார். இரண்டாவது முறை மாட்டுகிறவர் கோபத்தில் இருப்பதால் முதல் முறையைவிட அதிகம் அமுக்குகிறார் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அழுத்தம் போதாமையால் விளையும் கேட்டுக்கு உலகறிந்த சான்று 2022-இல் கிடைத்தது. அக்டோபரில் என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 கிராபிக்ஸ் கார்டு விற்பனைக்கு வந்தது. அதன் 16 ஊசி மின் இணைப்பான் 600 வாட் வரை கடத்த வல்லது. 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர். சில வாரங்களில் ஆங்காங்கே பிளக் உருகிய படங்கள் வரத் தொடங்கின. ஏறக்குறைய 50 நிகழ்வுகள் தெரியவந்துள்ளன, பிளக் முழுமையாக உள்ளே போகாதது பொதுவான காரணமாகத் தோன்றுகிறது என்று நிறுவனம் நவம்பரில் அறிவித்தது. அப்படிச் செருகியவர்கள் மெல்ல என்ற சொல்லுக்குக் கீழ்ப்படிந்தவர்கள். பிந்தைய திருத்த வடிவத்தில் உணர்வு ஊசிகளைக் குட்டையாக்கி, மின் ஊசிகளைச் சற்றே நீட்டினார்கள். முழுதாக அமுங்கினால்தான் கார்டுக்கு மின்சாரம் எடுக்கத் தைரியம் வரும்படி ஏற்பாடு. இங்கேயும் விரலுக்கு உரியவரிடம் எண் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க.

புராசசர் ஃபேனைப் பொறுத்தவரை இரண்டு பூசல்கள். முதலாவது, தெர்மல் பேஸ்ட். நடுவில் பொட்டாக வைப்போர், பட்டையாக இழுப்போர், பெருக்கல் குறியிடுவோர், முழுக்கப் பூசுவோர் என நான்கு பிரிவினர். நெற்றியில் நாமம் யூவா ஒய்யா என்ற வழக்குக்குச் சளைக்காத தீவிரத்தோடு இவர்கள் மோதுகிறார்கள். காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும்; செம்பு அதைப்போல் பல ஆயிரம் மடங்கு நன்றாகக் கடத்தும்; இரண்டு உலோகத் தளங்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் தங்கும் காற்றை வெளியேற்றுவதே பேஸ்ட்டின் பணி. ஃபேனை இறுக்கும்போது அழுத்தமே அதைப் பரப்பிவிடும். ஆக, வடிவப் பூசலையும் முடித்துவைப்பது அழுத்தம்தான்.

இரண்டாவது, இன்டெல் ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் கால்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அம்புக்குறி. அம்பு காட்டும் பக்கம் திருப்பினால் பூட்டும் என்று உலகோர் உரை கொள்வர். உண்மையில் அது கழற்றும் திசை. தலைகளை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மூலைக்கு மூலை எதிரெதிராக அமுக்க வேண்டும். நான்காவது காலை அமுக்கும்போது முதற்கால் எழும்பும். போர்டு கண்முன்னே வில்லாக வளையும். ஒண்ணும் ஆவாது கோட்பாடு மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் இதுவே.

மற்றவை சிறியவை. எம்.2 எஸ்.எஸ்.டி. சாய்வாக நுழைந்து தானே எழும்பி நிற்கும். ஒரு விரலால் படுக்க வைத்துக்கொண்டு மறுகையால் கடுகளவுத் திருகைப் பொருத்த வேண்டும். அத்திருகு விழும் இடம் பற்றிப் பேசுவது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கேபினெட் திருகுகளில் அங்குலக் கணக்கில் ஒன்றும் மெட்ரிக் கணக்கில் ஒன்றுமாக இரு இனம் ஒரே பொட்டலத்தில் வரும். தவறான இனமும் இரண்டு சுற்று ஏறும். மூன்றாவதில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். கையில் தேங்கிய நிலைமின்சாரம் பற்றிக் கையேடுகள் அச்சுறுத்துவது வறண்ட ஊர்களுக்கு மிகவும் பொருந்தும். சென்னைப் புழுக்கத்தில் அதன் உக்கிரம் தணிவு. ஆயினும் கேபினெட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொள்வதால் குறைந்து போவது ஏதுமில்லை.

இத்தனை அமுக்கலுக்கும் பிறகு கணினியை எழுப்ப வேண்டியது என்ன? ஏ.டி. காலத்தில் முன்பக்கச் சுவிட்சு வரை வீட்டு மின்சாரமே வரும். அதை அழுத்த ஓரளவு பலம் வேண்டும். ஏ.டி.எக்ஸில் சுவிட்சு வெறும் தூது. போர்டின் மூலையில் ஒன்பது ஊசிகள். அவற்றுள் ஆறாவதையும் எட்டாவதையும் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால் போதும். ஆகவே மெக்கானிக்குகள் சுவிட்சுக் கம்பியை மாட்டும் முன்பே ஸ்க்ரூடிரைவர் நுனியால் அவ்விரண்டையும் லேசாகத் தொடுவார்கள். ஃபேன் சுற்றும். மெல்ல என்று கையேடு சொன்னது இந்த ஓரிடத்துக்கு முழுக்கப் பொருந்துகிறது. கையேடு அதை இந்த இடத்தில் சொல்லவில்லை.

இறுதியாகக் கேபினெட்டின் வலப்பக்கத் தகடு. கம்பிகள் அனைத்தையும் போர்டின் முதுகுக்குப் பின்னால் தள்ளி மறைத்துவிட்ட பிறகு, அத்தகடு மூடாது. பெருவிரல் இங்கே தோற்கும், உள்ளங்கையும் தோற்கும். களத்தில் வழங்குவது முழங்கால். அதன் அளவையியல் தனி ஆய்வாக விரித்துரைக்கத் தக்கது. முழங்காலை வைக்கும் முன் கேபினெட்டைத் தரையில் படுக்க வைத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.