அன்று ஆசை, இன்று நோட்டீஸ்

எதிர்க் கடையில் விண்டோஸ் எக்ஸ்பி போட்டுவிட்டார்கள். நான் வேலை பார்த்த திருநெல்வேலி டி.டி.பி. சென்டரிலிருந்து விண்டோஸ் 98-ஐத் தூக்க அந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது. “அவன் போட்டுட்டாம்லா, நாம மட்டும் பழசையே கட்டிக்கிட்டு அழணுமா?” என்றார் முதலாளி அண்ணாச்சி. ஆலோசனைக் கூட்டம் அத்தோடு முடிந்தது.

2001 அக்டோபரில் வெளியான எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 எம்.பி. ராம் வேண்டும், 128 இருந்தால் நல்லது என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்களாம். அந்தப் பெட்டியை நாங்கள் பார்த்ததே இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வந்தது மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய ஒரு சிடி. உறையின் பின்பக்கம் 25 எழுத்துச் சாவி. ஊரில் பாதிக் கடைகளை அந்த ஒரே சாவிதான் திறந்தது. ராம் வாங்கும் செலவை அண்ணாச்சி தீபாவளிக்குத் தள்ளிவைத்தார்.

“சி டிரைவ் போயிரும், வேணுங்கிறத டி டிரைவுக்குத் தூக்கிருங்க” என்று எச்சரித்துவிட்டு சர்வீஸ் தம்பி சிடியைப் போட்டார். இன்னும் 39 நிமிடம் என்றது திரை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 34. இன்னொரு டீக்குப் பிறகும் 34. ஒருவழியாகப் பச்சைக் குன்றும் நீல வானமும் எழுந்தபோது, பத்திரிகை அடிக்க வந்த கல்யாண வீட்டார்கூட எட்டிப் பார்த்தார்கள். ஊட்டியா, கொடைக்கானலா என்று வாக்குவாதம். கலிபோர்னியாவின் சோனோமா பக்கத்தில் 1996-இல் சார்லஸ் ஓரியர் எடுத்த படம் அது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. புதுசு போட்டதால் வேகம் கூடியதா என்றால், இல்லை. ஆனால் ரைட் கிளிக் செய்து ரிஃப்ரெஷ் அடிக்கும்போது ஐகான்கள் ஒருமுறை கண்சிமிட்டும் பாருங்கள், அதில் ஒரு திருப்தி.

அந்த எக்ஸ்பிக்குள் ‘லதா’ என்ற யூனிகோடு தமிழ் எழுத்துரு இருந்தது. யாரும் அதைச் சீண்டவில்லை. எங்கள் பிழைப்பு பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். அதற்கோ யூனிகோடு தெரியாது. பாமினி எழுத்துருவும் பேஜ்மேக்கரும் ஓடினால் போதும் என்று, உலகமே ஆசைப்பட்டு வாங்கிய புதுமையின் மேல் பழைய வேலையையே செய்துகொண்டிருந்தோம். 2004-இல் அடோபி பேஜ்மேக்கரை மேம்படுத்துவதை நிறுத்தியது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கு அந்தச் சேதி எட்டவில்லை.

2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்தது. அரசு அலுவலகங்கள் ‘பாஸ்’ லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு சொன்னது. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகத்தை ஆட்டியபோது, கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு பேட்ச் வெளியிட வேண்டியிருந்தது. போகச் சொன்ன பிறகும் போகாதவர்கள் அத்தனை பேர்!

இப்போது என் வீட்டில் இருப்பது விண்டோஸ் 10. இதுதான் விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று 2015-இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவரே மேடையில் சொன்னார். நம்பி நிம்மதியாக இருந்தேன். 2021-இல் 11 வந்தது. 2025 அக்டோபர் 14-உடன் 10-க்கான ஆதரவு முடிந்தது. அன்று நாம் புதுசைத் தேடிப் போனோம். இன்று புதுசு திரை முழுக்க நின்று நம்மைக் கூப்பிடுகிறது. சரி, வா என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறதா, பிராசஸர் எட்டாம் தலைமுறையா என்று விசாரித்துவிட்டு, உன் கம்ப்யூட்டருக்குத் தகுதியில்லை என்கிறது. தானாக வரன் கேட்டு வந்தவர்கள், காபியைக் குடித்து முடித்ததும் ஜாதகம் பொருந்தவில்லை என்று கிளம்புகிற கதைதான். ராம் மட்டும் குறைந்தது 4 ஜி.பி. கேட்கிறார்கள். அன்றைய 64 எம்.பி.யைப் போல 64 மடங்கு.

“ஓடிக்கிட்டுத்தானே இருக்கு” என்றேன் மகனிடம்.

“பூட்டு இல்லாத கதவும் திறந்து மூடத்தான் செய்யும்ப்பா. பேங்க் வேலையெல்லாம் இதுலதானே பாக்குறீங்க?” என்றான்.

பதில் இல்லை. புது லேப்டாப் ஒன்றைக் காட்டினான். என் பழைய பத்திரிகை வாசகம் ஒன்றை அதில் திறந்து பார்த்தேன். பாமினி எழுத்துரு அதில் இல்லாததால், ‘திருவளர்ச்செல்வன்’ ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடந்தார். தமிழில் புள்ளி இருந்த இடத்திலெல்லாம் ஓர் அரைப்புள்ளி. என் தயக்கம் எங்கே இருக்கிறது என்று அப்போது விளங்கியது. விண்டோஸ் எதுவானாலும் எனக்கு ஒன்றுதான். இத்தனை வருடம் அடித்த எழுத்துகள்தான் சி டிரைவில் பிணைக்கைதியாக இருக்கின்றன.

ஆகவே பேங்க், மெயில் எல்லாம் புது லேப்டாப்புக்குப் போய்விட்டன. பழைய கம்ப்யூட்டரில் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். பேஜ்மேக்கருக்கு இணையம் எதற்கு? கோப்புகளை என்.எச்.எம். கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றிவருகிறேன். அட்டவணைகள் கலைகின்றன, ஆங்கில வார்த்தைகளும் சேர்ந்து தமிழாகி உளறுகின்றன. உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும்.

மாறலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்தில் பணம் புழங்குகிற கம்ப்யூட்டர் என்றால் மாறிவிடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அதற்கு முன் பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடாக ஒன்று, பி.டி.எஃப். ஆக ஒன்று எடுத்து, தனி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். எழுத்துரு கோப்பையும் மறக்காமல் சேர்த்து வையுங்கள்.