வலப்பக்க மூடி

தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து இடித்ததில் என் பஜாஜ் சேத்தக்கின் வலப்பக்க மூடி நசுங்கிப்போனது. வேறு சேதமில்லை. டிரைவர் இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் ஓடுதா சார்?" என்றார். மன்னிப்பை எதிர்பார்த்து நின்ற எனக்கு இது பாராட்டா கிண்டலா என்று விளங்குவதற்குள் லாரி தெருமுனை தாண்டிவிட்டது.

1988 மாடல். அப்பா முன்பணம் கட்டிக் காத்திருந்து வாங்கிய வண்டி. அந்த நாளில் சேத்தக்குக்குப் பத்து வருஷம்வரை காத்திருந்தவர்கள் உண்டு. பிள்ளை பிறந்த அன்று பதிவு செய்தால், அவனை ஐந்தாம் வகுப்பில் கொண்டுபோய் விட வண்டி வரும். முழு வண்டிக்கு அவர் காத்திருந்தார். அதன் ஒரு தகரத்துக்கு நான் காத்திருக்கிறேன்.

முதலில் ஒரு ஷோரூமுக்குப் போனேன். "சேத்தக் சைடு பேனல்" என்றதும் கவுண்டரில் இருந்த தம்பி உற்சாகமாகிவிட்டார். "எந்த பேட்டரி சார்?" 2009-ல் ஸ்கூட்டருக்கு முழுக்குப் போட்ட கம்பெனி, 2020-ல் அதே பெயரில் மின்சார வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்ததை நான் யோசிக்கவில்லை. "என் வண்டியில் பேட்டரியே கிடையாது தம்பி" என்றேன். அப்படியானால் ஹாரன் எப்படி அடிக்கும் என்று கேட்டார். இன்ஜின் ஓடினால் அடிக்கும், நின்றால் அடிக்காது என்றதும் என்னையே பரிதாபமாகப் பார்த்தார்.

அடுத்து புதுப்பேட்டை. எழும்பூருக்குப் பக்கத்தில், கூவத்தின் கரையில், கழற்றிய வண்டிகளின் பாகங்களுக்கென்றே இருக்கும் பேட்டை. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு உதிரிபாகம் கேட்டால் உன் வண்டியில் கழற்றியதையே உனக்கு விற்பார்கள் என்பது சென்னைக்காரர்களின் அரதப் பழசான ஜோக். நான் அதை நம்புவதில்லை. இருந்தாலும் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன்.

கடைக்காரர் பரணில் ஏறி மூடிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். அத்தனையும் இடப்பக்கம்!

"ரைட்டு கிடைக்காது சார். இன்ஜின் வெயிட்டு ஃபுல்லா ரைட்டுல இருக்குல்ல? வண்டி விழுந்தா அந்தப் பக்கம்தான் விழும். லெஃப்டு எத்தினி வோணும்னாலும் எடுத்துக்க."

அறிவியலாக இது எவ்வளவு சரி என்று தெரியாது. ஆனால் அந்தப் பரணைப் பார்த்த யாரும் மறுத்துப் பேச முடியாது.

பிறகு வண்டியோடு போன இன்னொரு கடையில் எல்.எம்.எல். வெஸ்பாவின் மூடியை எடுத்து நீட்டினார்கள். "தட்டினா உக்காந்துடும் சார்." இரண்டுக்கும் பூர்வீகம் இத்தாலிதான்: 1971 வரை பஜாஜ் இங்கே செய்ததே வெஸ்பா, அடுத்த வருஷம் வந்ததுதான் சேத்தக். எல்.எம்.எல். எண்பதுகளில் அதே இத்தாலியக் கம்பெனியோடு கைகோத்தது. ஒரே பாட்டியின் பேரன்கள் என்பதற்காக ஒருவன் சட்டை மற்றவனுக்குச் சேர்ந்துவிடுமா? தட்டிப் பார்த்தார்கள். மூடி உட்காரவில்லை, சுத்தியலின் கைப்பிடிதான் கழன்றது.

இதில் எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல் தந்தது வேறு விஷயம். எந்தக் கடைக்குப் போனாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து முடிந்தது. "வண்டிய என்ன வெலைக்குத் தர்றீங்க?" ஒருவருக்கு என் கார்புரேட்டர் வேண்டும். ஒருவருக்கு ஹேண்டில். பின்னால் தொங்கும் ஸ்டெப்னியை மட்டும் கேட்டார் ஒருவர். நான் ஒரு பாகம் தேடிப் போனால், ஊரே என் வண்டியைப் பாகம் பாகமாகப் பார்க்கிறது. போகிற போக்கில் இன்னொரு சேத்தக்காரரைச் சந்தித்தேன். கண்கலங்கக் கைகுலுக்கினோம். பிறகு அவர் என் வண்டியின் இடப்பக்க மூடி நன்றாக இருக்கிறதா என்று விசாரித்தார். அவர் வண்டி மட்டும் எப்படியோ இடப்பக்கமாக விழுந்திருக்கிறது.

கடைசியில் எங்கள் தெரு டிங்கர் பாய்தான் நசுங்கியதையே தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் மூடி மாதிரியே இருக்கிறது. மழைக்கு முன்னால் வேறு மாற்றிவிடுங்கள் என்கிறார்.

எனவே, உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பழைய சேத்தக் ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால் தெரியப்படுத்துங்கள். வலப்பக்க மூடி மட்டும் போதும், எந்த நிறமானாலும் சரி. வண்டியை என்ன விலைக்குத் தருவீர்கள் என்று சத்தியமாகக் கேட்க மாட்டேன்.