ஊர் வரைக்கும் போகுமா?

நம்மூரில் யாரும் தினசரி ஓட்டத்துக்காகக் கார் வாங்குவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகத்தான் வாங்குகிறோம். மற்ற நாளெல்லாம் கார் அடுத்த பொங்கலுக்குக் காத்திருக்கும். சும்மா இருப்பானேன் என்று நம்மை ஆபீஸில் கொண்டுபோய் விடும்.

சென்னையில் வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்குப் போக வர எனக்கு 30 கிலோமீட்டர் தாண்டாது. இதற்கு ஹைபிரிட்டா, பிளக்-இன் ஹைபிரிட்டா, மின்சாரக் காரா என்று வீட்டில் பட்டிமன்றம் நடந்தது. திருநெல்வேலியிலிருந்து பெரியப்பா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏல, ஊருக்கு வந்து சேருமா?"

ஹைபிரிட் சேர்ந்துவிடும். அது பெட்ரோல் கார்தான். கூடவே ஒரு மோட்டாரும் சின்ன பேட்டரியும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். பிளக்கில் செருக வேண்டாம். செருக இடமும் கிடையாது. பத்தடிக்கு ஒரு பிரேக் போட்டால் அதற்கு நல்ல தீனி. ஆபீஸ் போகும் ஓஎம்ஆர் சாலையில் மெட்ரோ வேலை முடியும்வரை பட்டினிக்கு வாய்ப்பே இல்லை. கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் கொடுக்கும் என்று சான்றிதழ் சொல்கிறது. "அந்தப் புள்ளி தொண்ணூத்தேழுதாம்ல சந்தேகமா இருக்கு" என்றார் பெரியப்பா.

பிளக்-இன் ஹைபிரிட் இரண்டு வீட்டுக்கும் நல்லவரான சம்பந்தி மாதிரி. ராத்திரி சார்ஜ் போட்டால் ஐம்பது அறுபது கிலோமீட்டர் மின்சாரத்தில் ஓடும், தீர்ந்தால் பெட்ரோல். வாரநாளுக்குக் கரண்ட், பொங்கலுக்குப் பெட்ரோல். எனக்காகவே செய்த கார் என்று துள்ளினேன். ஆனால் இந்தியாவில் இந்த வகை பெரும்பாலும் ஆடம்பரக் கார்களில்தான் வருகிறது. விலையைக் கேட்ட மனைவி, "அந்தக் காசுக்கு ஊர்லயே வீடு வாங்கிடலாம். அப்புறம் ஊருக்குப் போக வேண்டிய வேலையே இல்ல" என்றாள்.

மிச்சம், மின்சாரக் கார். ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றால் என் 30 கிலோமீட்டருக்கு 5 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் 50 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 200 ரூபாயை விழுங்கும். 15 ஆம்ப் பிளக் போதும். இரண்டு மணி நேரத்தில் அன்றைய பாடு முடிந்தது.

பிளக் எங்கே என்பதில்தான் வந்தது வினை. கார் நிற்பது தரைத்தளத்தில், மீட்டர் பெட்டி மாடிப்படிக்குக் கீழே. நடுவில் குடியிருப்போர் சங்கச் செயலாளர். "ராத்திரி ஃபியூஸ் போய் லிஃப்ட் நின்னா யார் சார் பொறுப்பு?" என்றார். லைன் என் சொந்த மீட்டரிலிருந்துதான் வருகிறது என்று விளக்கினேன். லிஃப்டை மறந்துவிட்டு, "கார் என்ன விலை?" என்று விசாரித்தார்.

அடுத்து அம்மா. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், முன்னால் எரித்த யூனிட்டுகள் சிலவற்றுக்கும் சேர்த்து ரேட் ஏறும். கார் மட்டுமே 250 யூனிட் கேட்கும் என்று கணக்குப் போட்டதிலிருந்து, அம்மா நான் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே ஃபேனை நிறுத்த ஆரம்பித்தார். பெட்ரோலுக்கு மாதம் ஐயாயிரம் போனபோது யாரும் ஃபேனைத் தொட்டதில்லை.

திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல். வழியில் சார்ஜர்கள் உண்டு. இரண்டு இடத்தில் நிறுத்தினால் போதும். காபிக்கே நாலு இடத்தில் நிறுத்தும் குடும்பம் எங்களுடையது. ஆனால் பொங்கல் கூட்டத்தில் சார்ஜருக்கு முன்னால் வரிசையில் நின்று கரும்பைக் கடிக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு நாள் பயணத்துக்காக வருஷம் முழுக்க பெட்ரோல் போடுவானேன்? மின்சாரக் காரையே வாங்கினோம். ஊருக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்.

பெரியப்பா இப்போது காரைப் பற்றிக் கேட்பதே இல்லை. "ஏல, டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிட்டா?" என்கிறார். முன்பதிவு தொடங்கும் காலையில் எட்டு மணிக்கு வீடே ஆளுக்கொரு போனோடு உட்கார்கிறது. எல்லா போனும் முதல் நாள் ராத்திரியே நூறு சதவீதம் சார்ஜ்.